கரும்புச் சர்க்கரையும் கிழங்குச் சர்க்கரையும்

தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர் கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்தனர் என்று ஔவையார் புறநானூற்றில் பாடியுள்ளார். அத்தகடூரே தருமபுரி. பாலக்கோட்டிலும், அரூரை அடுத்த கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் ஏற்பட்டமையால், இவ்விடத்துக் குடியானவர்க்குச் சர்க்கரை என்றதும் கரும்பே நினைவிற்கு வரும்.

குளிர்நாடுகளிற் கரும்பு விளையாது. அங்கே பீட் என்னும் கிழங்கினின்று சர்க்கரை எடுக்கின்றனர். இது கறிக்காகும் செங்கிழங்கன்று. அதன் இனத்ததாகிய வெண்கிழங்கு. 1747-ல் மார்க்கிராப் என்னும் ஜெர்மானிய இரசாயன அறிஞர் இதிற் சர்க்கரையுண்டெனக் கண்டார். அவர் மாணாக்கர் ஆகார்டு பின்னர் சைலீசியாவில் ஆலை அமைத்தார். ஆங்கிலேயருடன் நடந்த போரினாற் கப்பற்சரக்கு தடைப்படவே, 1811-ல் நெப்போலியன் பிரான்சில் இக்கிழங்கைப் பயிரிடுமாறு உத்தரவிட்டான்.

நன்கு சுத்தி செய்தபின் இரண்டும் ஒரே பொருள், இனிப்பிலும் ஏற்றத்தாழ்வில்லை. கிழங்குச் சர்க்கரை மட்டமென்பது வீண்பேச்சேயாம். வேற்றுமையெல்லாம் சுத்தி செய்வதற்கு முன்னரே உள்ளது. கிழங்கின் சாற்றைக் காய்ச்சினால் மண்வாடையும் கசப்புமே மிஞ்சும். அதனின்று வெல்லம் ஆகாது. கரும்புச்சாறோ கொப்பரையிலேயே வெல்லமாகும். ஆதலின் கரும்பு விளைவிப்போனுக்கு ஆலை, கொப்பரை என வழி இரண்டு. கிழங்கு விளைவிப்போனுக்கு ஆலை ஒன்றே. விலை பேசுமிடத்து இது சிறிய காரியமன்று.

கரும்பாலைக்குச் சக்கையே விறகாகிறது. கிழங்கின் சக்கை மாட்டிற்குத் தீவனமாகும். அடுப்பிற்கோ வேறு எரிபொருள் வாங்க வேண்டும். மற்றொன்றிற் கிழங்கே மேல். குளிர்காலத்தில் அதனைக் குவித்துவைத்துச் சில வாரங்கள் அரைக்கலாம். வெட்டிய கரும்பு அவ்விதம் பொறுக்காது. வெயிலிற் கிடந்தால் எடை குறைவதன்றி, உள்ளிருக்கும் சர்க்கரையும் படிகமாகாத வேறு இனிப்பாக மாறிவிடும். மத்திய அரசார் குறிக்கும் கரும்பு விலை சர்க்கரைக் கட்டுமானத்தைப் பொறுத்தது. எனவே, வெட்டு உத்தரவு வருமுன் வெட்டி வரப்பிற் போட்டுவைக்கும் ஓர் அங்கத்தினரால், எடையில் அவருக்கும் கட்டுமானத்தில் சங்கத்தார் அனைவர்க்கும் நஷ்டம் நேர்கிறது.

வெப்பநாட்டிற்கேற்ற கிழங்கு வகைகளும் இந்நாட்டிற் சோதித்துப் பார்க்கப்பட்டன. அவை ஐந்தாறு மாதத்தில் விளைபவை; கரும்பிலும் குறைந்த நீர் போதும். தண்ணீர் அரிதான இம்மாவட்டத்தார்க்கு இது ஆசையூட்டுவதே. ஆயினும் கரும்பைப் பிழியும் உருளைகள் கிழங்கிற்கு உதவா. கிழங்கைச் சீவுங் கத்திகளும், சீவலினின்று வெந்நீரிற் சர்க்கரையை இறக்குந் தொட்டிகளும் அமைந்த ஆலையே அதனை வாங்கும்.