நிரலைப் பொதுவில் வைத்தால் போதுமா?

கேள்வி: பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற ஒரு நிரல் எழுதி, மூலநிரலை இணையத்தில் வைத்திருக்கிறேன். "உரிமம் எதுவும் இல்லையே, எங்கள் பள்ளியில் பயன்படுத்தலாமா?" என்று ஓர் ஆசிரியர் கேட்கிறார். இலவசமாகத்தானே கொடுத்திருக்கிறேன், உரிமம் எதற்கு?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: அவசியம் வேண்டும். ஆசிரியர் தயங்கியது நியாயமே.

1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்புகளோடு சேர்த்தே வைத்திருக்கிறது. கதை, கவிதையைப் போலவே, எழுதிய உடனே உரிமை உங்களுடையதாகிவிடும். பதிவு செய்யத் தேவையில்லை. நீங்கள் எதுவும் சொல்லாதவரை, அதை நகலெடுக்கவோ மாற்றவோ பிறருக்குக் கொடுக்கவோ மற்றவர்கள் தயங்கத்தான் வேண்டும். அந்த அனுமதியை எழுத்தில் தருவதே உரிமம். தந்த பிறகும் பதிப்புரிமை உங்களிடமே இருக்கும்.

எந்த உரிமம்? நாளை ஒருவர் உங்கள் நிரலை மேம்படுத்தி விற்றால், அந்த மேம்பாட்டின் மூலநிரலும் வாங்குபவர் கைக்குப் போக வேண்டுமா என்று யோசியுங்கள்.

போகாவிட்டாலும் பரவாயில்லை என்றால் எம்ஐடி உரிமம் போதும். சில பத்திகள்தான். உங்கள் பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்கக் கூடாது என்பதே அதன் நிபந்தனை.

போக வேண்டும் என்றால் ஜிபிஎல். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989-ல் வெளியிட்டது. நிரலை மாற்றி விநியோகிப்பவர், அதே உரிமத்தில் மூலநிரலையும் தர வேண்டும். விற்கலாம், மறைக்கக் கூடாது. லினக்ஸ் கருநிரல் 1992 முதல் இந்த உரிமத்தில்தான் இருக்கிறது. லிங்க்சிஸ் நிறுவனத்தின் வைஃபை ரவுட்டர் ஒன்றில் லினக்ஸ் இருப்பதைக் கண்ட நிரலாளர்கள், இந்த நிபந்தனையைக் காட்டி மூலநிரலைக் கேட்டார்கள். 2003-ல் நிறுவனம் வெளியிட்டது. அதிலிருந்து வளர்ந்ததுதான் பல நிறுவனங்களின் ரவுட்டர்களில் இன்று ஓடும் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற மென்பொருள்.

உங்களுக்கு நான் சொல்வது ஜிபிஎல்தான். தமிழ்க் கோப்புகளை மீட்கும் கருவியை யார் செம்மைப்படுத்தினாலும், அதைப் பெறுபவர் மேலும் செம்மைப்படுத்த வழி இருக்க வேண்டும்.

அதற்கு முன் இரண்டைச் சரிபாருங்கள். அலுவலகப் பணியின் பகுதியாக எழுதியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை நிறுவனத்துக்கே. பிறர் நிரலைச் சேர்த்திருந்தால் அவர்களின் உரிமம் உங்களையும் கட்டுப்படுத்தும். சொந்தமாக உரிம வாசகம் எழுத வேண்டாம். தேர்ந்த உரிமத்தின் முழு வாசகத்தையும் அப்படியே ஒரு கோப்பாகச் சேர்த்து, ஆண்டையும் பெயரையும் நிரலில் குறியுங்கள்.

இரண்டில் எதைத் தேர்ந்தாலும், பள்ளியில் வெறுமனே பயன்படுத்துவதற்கு எந்தத் தடையும் இல்லை. கோப்பைச் சேர்த்ததும் ஆசிரியருக்கு அதையே பதிலாக எழுதுங்கள்.