கம்ப்யூட்டரின் மூளையை நாமே பொருத்தலாம்



சேமிப்பு, கடன், வட்டி என்று நம் குழுக் கணக்கெல்லாம் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது. அது கொஞ்ச நேரம் ஓடிவிட்டுத் தானாக அணைந்தால், "போர்டு போச்சு, புதுசு வாங்கணும்" என்று யாராவது சொல்வார்கள். உடனே பணத்தை எடுக்காதீங்க! பிராசசர் மேலே உள்ள ஹீட்சிங்க் சரியாக உட்காராமலோ, தூசி அடைத்தோ இருந்தாலும் இப்படி ஆகும்.

எது என்ன?

பிராசசர், ஏறக்குறைய தீப்பெட்டி அளவுத் தகடு. கணக்குப் போடும் மூளை இதுதான். வேலை செய்யும்போது நன்றாகச் சூடாகும். அந்தச் சூட்டை இழுத்து வெளியே விடுவது ஹீட்சிங்க் என்ற உலோகத் தகட்டு அடுக்கும், அதன் மேலுள்ள ஃபேனும். சூடு சுமார் 100 டிகிரியை எட்டினால், பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முதலில் வேகத்தைக் குறைக்கும். அப்படியும் சூடு தணியாவிட்டால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும்.

செய்முறை

1. கரன்ட் வயரைப் பிடுங்குங்கள். பெட்டியின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு ஆரம்பியுங்கள். நம் உடம்பில் தேங்கும் மின்சாரம் சில்லைக் கெடுக்கும். நைலக்ஸ் சேலையைவிடப் பருத்திச் சேலை நல்லது.

2. மதர்போர்டில் சாக்கெட்டின் நெம்புகோலைத் தூக்குங்கள். இன்டெல் போர்டுகளில் 2004 முதல் மெல்லிய கம்பி முனைகள் சாக்கெட்டிலேயே இருக்கும். அவற்றின் மேல் விரல் படவே கூடாது. ஒன்று வளைந்தாலும் போர்டு வீணாகலாம்.

3. பிராசசரை ஓரத்தில் பிடியுங்கள். அதன் மூலையிலுள்ள சிறு முக்கோணமும் சாக்கெட்டின் அடையாளமும் ஒரே பக்கம் வர வேண்டும். மெதுவாக வைத்தால் தானே உட்காரும். உட்காரவில்லையா? திசை தப்பு, அமுக்காதீங்க. உட்கார்ந்த பிறகு நெம்புகோலை மூடுங்கள். அது சற்று இறுக்கமாகத்தான் இருக்கும், பயம் வேண்டாம்.

4. நடுவில் பட்டாணி அளவு தெர்மல் பேஸ்ட் வையுங்கள். கல்லில் படாமல் தூக்கி நிற்கும் தோசை வேகுமா? அதுபோல இடையில் காற்று இருந்தால் சூடு ஹீட்சிங்குக்கு ஏறாது. பேஸ்ட் அந்த இடைவெளியை நிரப்பும். பழைய பேஸ்ட் இருந்தால் முதலில் துடைத்துவிடுங்கள். புது ஹீட்சிங்கின் அடியில் ஏற்கெனவே தடவியிருந்தால் மேலும் வேண்டாம்.

5. ஹீட்சிங்கை நேராக இறக்குங்கள். நான்கு திருகு உள்ளதானால், எதிரெதிர் மூலைகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரே பக்கம் முறுக்கினால் சாய்ந்துவிடும்.

6. போர்டில் 'சி.பி.யு. ஃபேன்' என்று அச்சிட்ட இடத்தில் ஃபேன் வயரைச் செருகுங்கள். சுவிட்சைப் போட்டதும் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள்.

வாங்கும் முன்: எல்லாப் பிராசசரும் எல்லாப் போர்டிலும் சேராது. இரண்டின் சாக்கெட் எண்ணும் ஒன்றா, அந்தப் போர்டு இந்தப் பிராசசரை ஏற்குமா என்று கடையில் கேளுங்கள். புது போர்டின் சாக்கெட் மூடியைத் தூக்கிப் போடாதீங்க. வாரன்டிக்குத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்பார்கள்.

இந்த வேலைக்குப் பலம் வேண்டாம். பூத்தொடுக்கும் விரலின் பதமும் பொறுமையும் போதும்.

குழுவில் பேசுவோம்

- கம்ப்யூட்டர் தானாக அணைந்தால் முதலில் எதைப் பார்ப்போம்?
- பிராசசரை ஏன் அமுக்கக் கூடாது?
- பழுது பார்க்க வருபவரிடம் என்னென்ன கேட்போம்?