முதல் சில்லுக்கு ஆசான் யார்?

துணி துவைக்கும் இயந்திரத்தில் ஒரு பொத்தானை அழுத்துகிறீர்கள். நீர் நிரம்புகிறது, உருளை சுழல்கிறது, உரிய நேரத்தில் நீர் வெளியேறுகிறது. இவ்வேலைகளை வரிசை தவறாமல் நடத்தி வைப்பது எது? உள்ளே இருக்கும் ஒரு சிறு சில்லுதான். இதை மைக்ரோகண்ட்ரோலர் என்பார்கள். தமிழில் நுண்கட்டுப்படுத்தி எனலாம்.

கடையிலிருந்து வாங்கி வந்த புதுச் சில்லுக்கு எந்த வேலையும் தெரியாது. அது எழுதப்படாத நோட்டுப் புத்தகம் போன்றது. அட்மெகா8 என்னும் சில்லை எடுத்துக்கொள்வோம். இதற்கு 28 கால்கள். இதன் நினைவகத்தில் 8,192 பைட்டு அளவுக்கு நிரல் எழுதலாம். மின்சாரத்தை நிறுத்தினாலும் எழுதியது அழியாது. வேண்டுமானால் அழித்துவிட்டு மீண்டும் எழுதலாம். ஏறத்தாழ 10,000 முறை தாங்கும்.

சரி, எழுதுவது எப்படி? கணிப்பொறிக்கும் சில்லுக்கும் நடுவே ஒரு சிறு மின்சுற்றுப் பலகை வேண்டும். இதற்குப் புரோகிராமர் என்று பெயர். ஜெர்மனியில் தாமஸ் ஃபிஷ்ல் என்பவர் உருவாக்கிய யூஎஸ்பி-ஏஎஸ்பி இவ்வகைப் பலகைகளுள் ஒன்று.

பலகையிலிருந்து சில்லுக்கு ஆறு கம்பிகள் செல்கின்றன. இரண்டு மின்சாரத்திற்கு. மூன்றாவது 'ரீசெட்' கம்பி. இதன் மின்னழுத்தத்தைச் சுழியாக்கினால் சில்லு தன் வேலையை நிறுத்திக் காத்து நிற்கும். நான்காவது கம்பி தாளம் போடும். ஒவ்வொரு தாளத்துக்கும் ஐந்தாவது கம்பி வழியே ஒரு பிட் உள்ளே போகும். ஆறாவது வழியே ஒரு பிட் வெளியே வரும்.

பலகை முதலில் 172, 83 என்னும் இரு எண்களை அனுப்பும். சில்லு 83 என்று திருப்பிச் சொன்னால், பாடம் கேட்க ஆயத்தம் என்று பொருள். புதுச் சில்லு சில வேளை பதில் சொல்லாது. பழுது என்று எறிந்துவிடாதீர்கள்! புது அட்மெகா8 நொடிக்கு 10 இலட்சம் துடிப்புகளில் இயங்குவது. தாளம் அதில் கால் பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். பலகையோ வழக்கமாக நொடிக்கு 3,75,000 தாளம் போடும். ஆசிரியர் விரைந்து சொன்னால் மாணவனால் எழுத முடியாதல்லவா? பலகையிலுள்ள ஜம்பர் என்னும் சிறு இணைப்பைப் பொருத்தினால் தாளம் சுமார் 8,000 ஆகக் குறையும், பதில் வந்துவிடும்.

இப்போது ஒரு வேடிக்கை. இந்தப் பலகையின் மூளையும் ஓர் அட்மெகா8 தான்! யூஎஸ்பி வழியே பேசுவதற்கென்று அதில் தனிச் சில்லு கிடையாது. நொடிக்கு 15 இலட்சம் பிட்டுகள் வரும். சில்லின் துடிப்போ நொடிக்கு 120 இலட்சம். ஆகவே ஒரு பிட்டைக் கவனிக்க எட்டே துடிப்புகள்தாம் கிடைக்கும். அத்திறமை முழுவதும் நிரலிலேயே உள்ளது. நிரல் இல்லாவிட்டால் பலகை வெறும் பலகையே.

அப்படியானால் பலகையின் சில்லுக்கு எழுதியது யார்? விதை முந்தியா, மரம் முந்தியா என்னும் கேள்வி போல் இருக்கிறதா? விடை எளிது: ஏற்கெனவே கற்றுக்கொண்ட மற்றொரு பலகை. இதற்கென்றே பலகையில் தனி ஜம்பர் வைத்திருக்கிறார்கள். அத்தகைய பலகை கிடைக்காவிட்டால் ஆர்டுயினோவையும் ஆசானாக்கலாம். அதற்கான நிரல் ஆர்டுயினோ மென்பொருளுடனேயே வருகிறது. பழைய கணிப்பொறிகளில் அச்சுப்பொறியை இணைக்கும் துளையிலிருந்து சில கம்பிகளையும் மின்தடைகளையும் கொண்டே சில்லுக்கு எழுதி வந்தார்கள்.

ஆனால் எழுதுவதற்கு நிரல் கையில் இருக்க வேண்டுமே! சில நிறுவனங்கள் தம் நிரலை வெளியிடுவதில்லை. சில்லிலிருந்து படிக்கவும் முடியாதபடி பூட்டுப் பிட்டுகளை இட்டுவிடுவார்கள். பிறகு அழிக்கலாம்; படிக்க இயலாது. நிறுவனம் தயாரிப்பை நிறுத்தியபின் சில்லு கெட்டால், அதே வகைப் புதுச் சில்லை வாங்கியும் பயனில்லை. யூஎஸ்பி-ஏஎஸ்பியின் மின்சுற்றுப் படமும் நிரலும் எல்லாருக்கும் திறந்து வைக்கப்பட்டுள்ளன. ஆகவே சில்லு கெட்டாலும் வேறொன்றைப் பொருத்தி, நிரலை எழுதி, பலகைக்கு மீண்டும் உயிர் கொடுக்கலாம்.

எனவே, உங்கள் பள்ளியில் இப்பலகை ஒன்று இருந்தால் முதலில் என்ன செய்யலாம்? இன்னொரு பலகைக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஒன்று கெட்டால் மற்றொன்று அதற்கு ஆசானாகும்.

செய்து பாருங்கள்: 172, 83 ஆகிய எண்களை இரும முறையில் எட்டெட்டு இலக்கங்களாக ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். என்ன காண்கிறீர்கள்?