சாதத்தில் கலந்த மாத்திரை



ஏம்பலத்திலிருந்து ஒரு தாய் மனநல மருத்துவரிடம் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மகன் கூட வரவில்லை. "ஐயா, மாத்திரையைக் கையாலேயே தொடமாட்டேங்கிறான். சோத்துல கலந்து குடுக்கிற மாதிரி ஏதாச்சும் எழுதிக் குடுங்க" என்கிறார். நம் நாட்டு மனநல மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் வேண்டுகோள் இது. பல இரவுகள் கண்விழித்த அந்தத் தாயைக் குறைசொல்ல எங்களுக்கு மனம் வராது.

ஆனால் தன் சாப்பாட்டில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்ற சந்தேகமே பலருக்கு இந்த நோயின் அடையாளம். அதை நாமே உண்மையாக்கிவிடலாமா? என்றாவது தெரியவந்தால், தாய் கையால் ஒரு வாய் சோறும் வாங்கமாட்டார். கை நடுங்கினாலும் உடம்பு விறைத்தாலும் அது எதனால் என்றும் அவருக்குத் தெரியாது.

சம்மதம் கேளாத வழி இதைவிடக் கொடியதாகவும் முடிந்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள்.

2018 மே 29 முதல் நடைமுறையிலுள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்கிறது. ஒருவருடைய முடிவு மற்றவர்களுக்குத் தவறாகத் தோன்றுவதால் மட்டும் அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று சொல்லக்கூடாது என்றும் கூறுகிறது. இதை இருமுறை வாசியுங்கள்! மேலும், தெளிவாயிருக்கும்போதே ஒருவர், நோய் முற்றினால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தமக்காக யார் பேசவேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். அவசரச் சிகிச்சைக்கு அந்த எழுத்து பொருந்தாது.

ஆராய்ச்சியிலும் அப்படியே. விளங்கும்படி சொல்லி, மனமார்ந்த சம்மதம் பெறவேண்டும். கொடுத்த சம்மதத்தை நோயாளி எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். "டாக்டர் சொன்னால் சரி" என்று கைரேகை வைப்பது நம் கிராமத்தாரின் மரியாதை. அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளலாகாது.

குடும்பத்தை ஒதுக்கவேண்டும் என்றல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில் உறவினர் ஒருவர் நோயாளியுடன் தங்கிப் பராமரிப்பது நெடுநாளைய வழக்கம்.

அப்படியானால் அந்தத் தாய்க்கு என்ன சொல்வது? மகன் ஏன் மறுக்கிறார் என்று அவரிடமே கேட்கவேண்டும். பகலெல்லாம் தூக்கம் வருகிறது, வயலில் வேலை செய்ய முடியவில்லை என்பார். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், மாதம் ஒருமுறை போடும் ஊசி சம்மதமா என்று கேட்கலாம். தமக்கோ பிறருக்கோ கேடு செய்யும் நிலை வந்தால், குடும்பத்தார் துணையோடு மருத்துவமனையில் சேர்க்கச் சட்டத்திலேயே வழியுண்டு. சற்றுத் தெளிந்தபின் மறுபடியும் அவரையே கேட்கவேண்டும்.