கணிப்பொறிக்கு வந்த மறதி

மனிதருக்கு வயதானால் மறதி வருவதுண்டு. கணிப்பொறிக்கும் மறதி வருமா? வரும் என்பதை எங்கள் வீட்டிலேயே கண்டோம்.

கோடை விடுமுறை முடிந்து ஊரிலிருந்து திரும்பிய அன்று, அப்பாவின் பழைய மேசைக் கணிப்பொறியை இயக்கினோம். கறுப்புத் திரையில் 'சிமாஸ் செக்சம் எரர்' என்று வெள்ளை எழுத்துகள் தோன்றின. தொடர்வதற்கு எஃப்1 விசையை அழுத்துமாறு கீழே ஒரு வரி. தேதியோ 2009 சனவரி 1 என்றிருந்தது! வந்து பார்த்த ஒருவர், "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும்" என்றார். எங்களுக்குத் திக்கென்றது. மறைந்த தாத்தாவின் புகைப்படங்கள் அதில்தான் இருந்தன. வேறு படி இல்லை. "முதலில் அது என்ன சொல்கிறது என்று படித்துப் பார்ப்போம்" என்றார் அம்மா.

பிழையின் பொருள்

தோழியரே, கணிப்பொறி விழித்தவுடன் செய்யும் முதல் வேலை தன்னையே சோதித்துக்கொள்வது. நினைவகம், விசைப்பலகை, வட்டு ஆகியவை சரியாக உள்ளனவா என்று பார்க்கிறது. தேதி, நேரம், எந்த வட்டிலிருந்து தொடங்குவது போன்ற குறிப்புகளை 'சிமாஸ்' என்னும் சிறு நினைவகத்தில் தேடுகிறது. 1981இல் வந்த ஐ.பி.எம். கணிப்பொறியில் இவ்வசதி இல்லை; உள்ளேயிருக்கும் சிறு சுவிட்சுகளைக் கையால் அமைக்க வேண்டும். 1984இல் வந்த 'ஏ.டி.' வகையில்தான், மின்கலத்தால் இயங்கும் கடிகாரமும் 64 பைட்டு நினைவகமும் சேர்க்கப்பட்டன.

'செக்சம்' என்பது கூட்டுத்தொகைச் சோதனை. நமது மதிப்பெண் பட்டியலில் ஒரு பாடத்தின் மதிப்பெண் மாறினால் மொத்தம் பொருந்தாது அல்லவா? அதுபோலவே, குறிப்புகளின் கூட்டுத்தொகை பொருந்தாவிட்டால் கணிப்பொறி இவ்வாறு எச்சரிக்கிறது. பெரும்பாலும் காரணம், வலுவிழந்த மின்கலமே. புகைப்படங்கள் இருப்பது வட்டில். வட்டுக்கு மின்கலம் தேவையில்லை. இதை அறிந்த பிறகே எங்களுக்கு மூச்சு வந்தது.

நாங்கள் செய்தவை

1. கணிப்பொறியை நிறுத்தி, மின்செருகியைப் பிடுங்கினோம்.
2. உடலிலுள்ள நிலைமின்சாரம் நீங்க, பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டோம்.
3. தாய்ப்பலகையில் காசு போன்ற மின்கலத்தைக் கண்டோம். எண் சி.ஆர். 2032; அதாவது 20 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. தடிப்பு. புதியது 3 வோல்ட் தரும். எங்களுடையது 2 வோல்ட்டுக்குச் சற்று மேல்தான் காட்டியது.
4. பிடிப்பை மெல்ல நகர்த்தி, அதே எண்ணுள்ள புதியதை, கூட்டல் குறி மேலே தெரியும்படி பொருத்தினோம்.
5. மீண்டும் இயக்கி, அமைப்புப் பக்கத்திற்குச் சென்று, தேதி, நேரம், வட்டின் வரிசை ஆகியவற்றைத் திருத்திச் சேமித்தோம். வட்டின் இயக்க முறையும் பழையபடி இருக்கிறதா என்று பார்த்தோம். அது மாறியிருந்தால் விண்டோஸ் தொடங்காமல் போகலாம். வட்டு கெட்டதாக எண்ணிவிடக் கூடாது.

தேதி தவறாக இருந்தபோது இணையத்தில் பல பக்கங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுத்தன. பாதுகாப்புச் சான்றிதழுக்குக் காலவரை உண்டு. 2009 என்னும் தேதியில் அது செல்லாது. தேதியைத் திருத்தியதும் அக்குறையும் நீங்கியது. புதிய மின்கலம் போட்டும் பிழை தொடர்ந்தால், தாய்ப்பலகையில் பழுது இருக்கலாம். அப்போது வல்லுநரை நாடுவதே நலம்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கழற்றிய மின்கலத்தைக் கண்ட இடத்தில் வைக்காதீர்கள். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

அன்று இரவே தாத்தாவின் படங்களை இரண்டு இடங்களில் படியெடுத்து வைத்தோம். ஒரு சிறு மின்கலத்தின் குறைக்காக அவற்றை இழக்க இருந்தோமே! ஆகவே தோழியரே, திரையில் பிழை தோன்றினால் அஞ்சி எதையும் அழித்துவிடாதீர்கள். அது சொல்வதை எழுதிக்கொண்டு, பொருளறிந்து, பிறகு விசையை அழுத்துங்கள்.

— பத்தாம் வகுப்பு மாணவி