அப்பா அம்மாவுக்கு ஒரு குட்டி கம்ப்யூட்டர்: எதுல மிச்சம் பிடிக்கலாம், எதுல கூடாது?

பேங்க் கணக்கு பார்க்க, கரண்ட் பில் கட்ட, நம்மகூட வீடியோ கால் பேச. அப்பா அம்மாவோட தேவை இவ்வளவுதான்னா பெரிய கேபினெட், கிராபிக்ஸ் கார்டு எதுவும் வேண்டாம்.

அண்ணா சாலை பக்கத்துல ரிச்சி தெருவுக்குப் போங்க. ஆபீஸ்ல ஓடின டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி மாதிரி மினி பிசி ரீஃபர்பிஷ்டா கிடைக்கும். தடிமனான புத்தகம் அளவுதான். பிராக்கெட் போட்டு மானிட்டர் பின்னாடியே மாட்டிட்டா, மயிலாப்பூர் ஃபிளாட்ல மேஜையே காலி!

ஆனா விலையை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல முடிஞ்சது. விண்டோஸ் 11-க்கு, இன்டெல்னா பொதுவா 8-ஆம் தலைமுறை பிராசசராவது வேணும். மலிவா இருக்குன்னு 6-ஆம் தலைமுறை மெஷின் வாங்கினா, பாதுகாப்பு அப்டேட் இல்லாத கம்ப்யூட்டர்ல அப்பா தன் பென்ஷன் அக்கவுண்டுக்கு லாகின் பண்ணுவார். நமக்கு மிச்சம் சில ஆயிரம். ஆபத்துல இருக்கிறது அவரோட மொத்த சேமிப்பு.

தாராளமா செலவு பண்ண வேண்டியது: 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, எழுத்து பெரிசா தெரியற 24 இன்ச் மானிட்டர். ஜிஎஸ்டி பில்லும் வாரண்டியும் எழுத்துல வாங்குங்க.

இஎம்ஐ வேண்டாம். ஆறு மாசம் ஆர்.டி. போட்டு, முழுப் பணமா கொடுத்து வாங்குங்க.