இமை காப்பாற்றாது

“கண்ணு தானா மூடிக்கும் டாக்டர், லேசர் ஒண்ணும் பண்ணாது.”

இதை எத்தனை பேர் வாயால் கேட்டுவிட்டேன்! பிள்ளையைக் கூட்டிவருகிற அப்பா சொல்கிறார். திருவிழாக் கடையில் விற்பவர் வாங்குபவரிடம் சொல்கிறார். வகுப்பில் சார் அப்படித்தான் சொன்னார் என்று பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடமே வாதாடினான். படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசமே இல்லாமல் பரவியிருக்கும் நம்பிக்கை இது. விழித்திரை வைத்தியம் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: கையடக்க லேசர் பற்றி ஊரில் உலவும் பொய்களில் மிகவும் ஆபத்தானது இதுதான். இந்தத் தெம்பில்தான் மற்ற எல்லா அசட்டுத் துணிச்சலும் பிறக்கிறது.

இதற்கு ஒரு மூலம் உண்டு. லேசர் கருவிகளை அவற்றின் ஆபத்தைப் பொறுத்து வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தரும் லேசரில் இரண்டாம் வகுப்பு என்றால் 1 மில்லிவாட்டுக்கு மேல் போகக் கூடாது. பிரகாசமான ஒளி பட்டால் மனிதன் கால் விநாடிக்குள் கண்ணை மூடிக்கொள்வான் அல்லது முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்ற கணக்கில் வகுத்த வரம்பு அது. கணக்கு சரி. ஆனால் அது 1 மில்லிவாட்டுக்கான கணக்கு. இன்று இணையக் கடைகளில் கிடைப்பவை 50, 100, 200 மில்லிவாட். தீக்குச்சியைப் பற்றவைத்துக் காட்டும் நீல லேசர்கள் 500 மில்லிவாட்டையும் தாண்டும். அது நான்காம் வகுப்பு, அதற்கு மேல் வகுப்பே கிடையாது. இரண்டாம் வகுப்புக்குப் போட்ட விதியை நான்காம் வகுப்புக்குப் பொருத்திப் பேசுவதை அறிவியல் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

அந்தக் கால் விநாடியாவது நிச்சயமா? ஜெர்மனியின் கொலோன் நகரில் ஹான்ஸ்-டீட்டர் ரைடன்பாக் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் தன்னார்வலர்களை அழைத்து, பாதுகாப்பான அளவு லேசர் ஒளியைக் கண்ணில் செலுத்திப் பார்த்தார்கள். இமையை மூடியவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. ‘தானாக மூடிக்கொள்ளும்’ என்று எல்லோரும் நம்பும் இமை பெரும்பாலோருக்கு மூடவே இல்லை. வேண்டுமென்றே உற்றுப் பார்க்கும் குழந்தையிடம் இந்த அனிச்சைச் செயலை எதிர்பார்ப்பதில் அர்த்தமே இல்லை. “யார் அதிக நேரம் பார்க்கிறார்கள் பார்ப்போம்” என்று போட்டி போட்டுப் பார்த்த பிள்ளைகளுக்குச் சிகிச்சை அளித்திருக்கிறேன்.

இமை ஒழுங்காகவே மூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் நேரம் போதாது. சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டவர்களுக்கு நாங்கள் லேசர் சிகிச்சை செய்கிறோம். அதில் பரவலாகப் பயன்படுவது 532 நானோமீட்டர் பச்சை லேசர். கடையில் வாங்கும் பச்சை பாய்ண்டரின் நிறமும் அலைநீளமும் அதேதான். சில நூறு மில்லிவாட் வைத்து, விழித்திரையில் ஒரு புள்ளியைச் சுட எங்கள் கருவிக்கு ஆகும் நேரம், புதிய முறையில், 20 மில்லிவிநாடி. இமை மூட எடுத்துக்கொள்வது 250 மில்லிவிநாடி. அதாவது, இமை அசைந்து முடிவதற்குள் அந்த இடத்தை ஒரு டஜன் தடவை சுட்டுவிடலாம். நாங்கள் பார்வையின் மையத்தை விட்டு விலகி, அளந்து, வேண்டுமென்றே பரந்த புள்ளியாகச் சுடுகிறோம். கையில் லேசரை வைத்துக்கொண்டு அதையே நேராகப் பார்க்கிறவன் சுடுவது சரியாக மையத்தை. நேராகப் பார்ப்பது என்றால் அந்த மையத்தில் பிம்பத்தை விழவைப்பதுதானே. அதுவும் பரந்த புள்ளியாக அல்ல. கண்ணின் லென்ஸ் அந்த ஒளிக்கற்றையை முடியின் தடிமனுக்கும் குறைவான இடத்தில் குவித்துவிடுகிறது. கண்மணி வழியாக உள்ளே போகும் ஒளியின் செறிவு விழித்திரையைத் தொடும்போது ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்காகிறது.

“வலிக்கலையே டாக்டர்?” வலிக்காது. விழித்திரையில் வலியை உணரும் நரம்பே இல்லை. கருவிழியில் தூசி விழுந்தால் துடித்துப்போவோம். விழித்திரையில் ஓட்டை விழுந்தாலும் ஒன்றும் தெரியாது. வலி இல்லாததை ஆபத்து இல்லாததற்கு ஆதாரமாகச் சொல்பவர்கள் தயவுசெய்து இனிமேல் சொல்லாதீர்கள்.

2010இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஸ்விட்சர்லாந்தின் லூசெர்ன் நகர மருத்துவர்கள் 15 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார்கள். பலூனைத் தூரத்திலிருந்து வெடிக்க வைக்கலாம், சகோதரியின் ஷூவில் ஓட்டை போடலாம் என்று இணையத்தில் லேசர் வாங்கினான். அது 150 மில்லிவாட் பச்சை லேசர். கண்ணாடி முன்னால் நின்று ‘லேசர் ஷோ’ நடத்தியபோது பட்டுத் திரும்பிய கதிர் பலமுறை கண்ணில் விழுந்தது. ஒரு கண்ணில் ஒரு மீட்டர் தூரத்தில் காட்டும் விரல்களை எண்ணும் அளவுக்குத்தான் பார்வை மிஞ்சியது. வீட்டில் திட்டுவார்கள் என்று பயந்து இரண்டு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. அதே இதழில் 2018இல் கிரீஸ் நாட்டிலிருந்து 9 வயதுப் பையன். பச்சை பாய்ண்டரைத் திரும்பத் திரும்ப உற்றுப் பார்த்ததில் இடது கண்ணின் மாக்குலாவில், அதாவது விழித்திரையின் பார்வை மையத்தில், பெரிய ஓட்டை. பார்வை 6/30. ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் அப்படியே இருந்தது. சவூதி அரேபியாவின் கிங் காலித் கண் மருத்துவமனை 2013இல் வெளியிட்ட ஆய்வில், கையடக்க நீல லேசரால் மாக்குலா கெட்ட இளைஞர்கள் வரிசையாக இருக்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் இமை இருந்தது.

அடுத்தது, “பச்சைதானே, கண்ணுக்குக் குளிர்ச்சி.” வயல் பச்சையையும் லேசர் பச்சையையும் ஒன்றாக நினைக்கிறோம். மலிவான பச்சை லேசருக்குள் முதலில் உண்டாவது பச்சை ஒளியே அல்ல. 808 நானோமீட்டர் அகச்சிவப்புக் கதிர் ஒரு படிகத்தைத் தூண்டி 1064 நானோமீட்டர் கதிராகிறது. இன்னொரு படிகம் அதை 532ஆக மாற்றுகிறது. முதல் இரண்டும் கண்ணுக்குத் தெரியாதவை. அவற்றைத் தடுக்க ஒரு சின்ன வடிகட்டி வைக்க வேண்டும். விலையைக் குறைக்க முதலில் கழற்றப்படுவது அந்த வடிகட்டிதான். அமெரிக்காவின் தேசியத் தர மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2010இல் 15 டாலர் பாய்ண்டர் ஒன்றைச் சோதித்தது. பச்சை மங்கலாக இருந்தது. அகச்சிவப்போ கிட்டத்தட்ட 20 மில்லிவாட் கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கு எந்த இமை மூடும்? மங்கலாக இருக்கிறதே, பாட்டரி தீர்ந்துவிட்டது என்று குழந்தை கையில் கொடுத்துவிடுகிறோம்.

“பெட்டியிலேயே 5 மில்லிவாட்டுக்குக் கீழே என்று போட்டிருக்கிறது” என்பவர்களுக்கும் அதே நிறுவனத்தின் பதில் உண்டு. 122 பாய்ண்டர்களை வாங்கி அளந்து 2013இல் முடிவைச் சொன்னார்கள்: பச்சையில் ஏறத்தாழ 90 சதவீதமும் சிவப்பில் 44 சதவீதமும் அங்குள்ள விதியை மீறியவை. அதுவும் 5 மில்லிவாட் வரம்பைச் சட்டமாகவே வைத்திருக்கும் நாட்டில். நம் ஊர்ப் பெட்டிகளை யார் அளந்தார்கள்?

மற்றவற்றைச் சீக்கிரம் முடிக்கிறேன். கூலிங் கிளாஸ் காப்பாற்றுமா? காப்பாற்றாது, அந்தந்த அலைநீளத்துக்கென்று செய்த தனிக் கண்ணாடி வேண்டும். சொட்டு மருந்தில் சரியாகுமா? ஆகாது, சொட்டு விழுவது கண்ணின் முன்பக்கம், காயம் இருப்பது பின்சுவரில். கண்ணை மறைத்த பச்சைப் பூச்சி மறைந்துவிட்டதே, குணமாகிவிட்டதா? மறைந்தது கூச்சம், காயம் உண்டா இல்லையா என்பது ஸ்கேனில்தான் தெரியும்.

விமானத்தின் மீது லேசர் அடிப்பதற்கு வருவோம். “அவ்வளவு உயரத்தில் போகிறவருக்கு இந்தச் சின்ன லைட் என்ன செய்யும்?” ஒரு கிலோமீட்டர் தாண்டும்போது கதிர் ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலத்துக்கு விரிகிறது. விழித்திரையைச் சுடாமல் போகலாம். ஆனால் விமானியின் முன்கண்ணாடி முழுவதும் பச்சையாகப் பூத்துவிடும்; இருட்டுக்குப் பழகிய கண் சில விநாடி ஓடுபாதையை இழந்துவிடும். அந்தச் சில விநாடி தரையிறங்கும் நேரத்தில் வருகிறது, ஏனென்றால் விமானம் தாழப் பறக்கும்போதுதான் கீழே இருப்பவன் குறிவைக்கிறான். 2025 மே மாதம் துபாயிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட பயணிகளுடன் சென்னையில் இறங்கிக்கொண்டிருந்த விமானத்தின் மீது பரங்கிமலைப் பக்கமிருந்து லேசர் அடித்தார்கள். விமானி பத்திரமாக இறக்கிவிட்டார். அமெரிக்காவில் 2023ஆம் ஆண்டில் மட்டும் 13,304 முறை விமானங்கள் மீது லேசர் அடிக்கப்பட்டதாக அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்குப் புகார் போயிருக்கிறது. அங்கே 2012 முதல் இது ஐந்தாண்டு சிறைக்குரிய குற்றம்.

இவ்வளவும் சொன்ன பிறகு வருவது கடைசிக் கேள்வி. என் காசு, என் லேசர், என் கண். அரசுக்கு என்ன வேலை? கத்திகூடத்தான் ஆபத்து, அதையும் தடை செய்வீர்களா?

தனிமனித சுதந்திரத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கத்தி கூர்மையானது என்று கத்தியைப் பார்த்தாலே தெரியும். பெட்டியில் 5 என்று போட்டு உள்ளே 60 வைத்து விற்கும் பொருளை வாங்குகிறவன் எதைத் தேர்ந்தெடுத்தான்? தெரியாமல் எடுத்த முடிவைச் சுதந்திரம் என்று சொல்லாதீர்கள். ‘என் கண்’ என்பதும் பொய். என்னிடம் வருகிற கண்களில் பல, லேசரை வாங்கியவரின் கண்ணே அல்ல. அண்ணன் வாங்கினான், தம்பிக்குப் போனது. மோட்டார்சைக்கிளில் போகிறவர், பந்தைப் பிடிக்கக் காத்திருக்கிற விளையாட்டு வீரர், விமானி, இவர்களில் யார் சம்மதம் கொடுத்தார்கள்? 2022 மார்ச்சில் செனகலில் நடந்த உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் எகிப்து கால்பந்து வீரர் முகமது சலா பெனால்டி அடிக்க நின்றபோது அவர் முகமே பச்சையாக இருந்ததைத் தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது. எதிரி வீரனை நிரந்தரமாகக் குருடாக்கவென்றே செய்த லேசரைப் போர்க்களத்தில்கூடப் பயன்படுத்தக் கூடாது என்று 1995இல் வியன்னாவில் நாடுகள் ஒப்பந்தம் செய்தன. போர்க்களத்துக்குள்ள கட்டுப்பாடு தேர்த்திருவிழாவுக்கு வேண்டாமா?

கட்டுப்பாடு என்றால் எல்லாவற்றையும் பிடுங்குவது என்று பொருளல்ல. கனடா 2018இல் செய்ததைப் பாருங்கள்: விமான நிலையத்துக்குப் பத்து கிலோமீட்டர் தொலைவுக்குள் உள்ள ஊர்களிலும் மூன்று பெருநகரங்களிலும், தக்க காரணம் இல்லாமல் 1 மில்லிவாட்டுக்கு மேற்பட்ட கையடக்க லேசரை வீட்டுக்கு வெளியே வைத்திருக்கக் கூடாது என்றது. தொழிலுக்கு வேண்டியவருக்குத் தடையில்லை. ஸ்விட்சர்லாந்து இன்னும் கடுமையாக, 2019இல் கொண்டுவந்த சட்டத்தில், முதல் வகுப்பு பாய்ண்டரைத் தவிர மற்றவற்றுக்குத் தடை போட்டது. என்னைக் கேட்டால் கனடா வழியே போதும், விற்பனையிலும் அதே வரம்பு இருந்தால். பாடம் நடத்த 1 மில்லிவாட் தாராளம். வானத்தில் நட்சத்திரத்தைக் காட்டும் வானியல் ஆர்வலர்களும் நில அளவையாளர்களும் பெயரைப் பதிந்து வாங்கட்டும். நம் நாட்டில் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் பி.ஐ.எஸ். முத்திரை கட்டாயம். ஆனால் ‘பொம்மை’ என்று எழுதாமல் ‘டார்ச்’, ‘பாய்ண்டர்’ என்று எழுதிய பெட்டி அதே பொம்மைக் கடையில், அதே கொக்கியில், பீப்பீக்குப் பக்கத்தில் தொங்குகிறது. எங்கே தொங்குகிறது, யார் வாங்குகிறார்கள் என்பதைப் பார்த்து விதியைப் போடுங்கள்.

இன்னொன்று, நான் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் விடாமல் சொல்வது. ஒரு கண் கெட்டால் இன்னொரு கண் அதை மறைத்துவிடும். இரண்டு கண்ணையும் திறந்துவைத்துப் பலகையைப் படிக்கச் சொல்லும் பள்ளிப் பரிசோதனையில் அந்தப் பிள்ளை முதல் வரிசையில் தேறிவிடும். லேசர் காயம் மட்டுமல்ல, சோம்பேறிக் கண்ணும் இப்படித்தான் பத்து வயது தாண்டிக் கைநழுவிப் போகிறது. பள்ளிகளில் பார்வைச் சோதனை என்றால் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாக மூடிச் செய்ய வேண்டும். விரல் இடுக்கில் பார்க்காதபடி அட்டையால் மூட வேண்டும். வீட்டிலும் செய்யலாம்: பத்தடி தள்ளி நிறுத்தி, ஒரு கண்ணை மூடி நாள்காட்டித் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள், பிறகு மறு கண். எழுத்தின் நடுவே கறுப்பாகத் தெரிகிறது, கோடு வளைகிறது என்றால் அன்றைக்கே விழித்திரை மருத்துவரிடம் போய் ஓ.சி.டி. என்னும் விழித்திரை ஸ்கேன் எடுங்கள். பிள்ளையைத் திட்டாதீர்கள், திட்டினால் எத்தனை முறை பார்த்தான் என்பதைச் சொல்ல மாட்டான், எங்களுக்கு முதலில் வேண்டியதே அந்தத் தகவல்தான். அந்த லேசரையும் அது வந்த பெட்டியையும் தூக்கி எறியாமல் கையோடு கொண்டுவாருங்கள்.